மஞ்சள் காவலி விழுவதில்லை

ஒரு நிறத்தைப் பற்றி நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதுகிற மனிதருக்கு வீட்டில் வேறு வேலை இல்லை என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் இருப்பவர்கள் அவரை நம்பி வேறு வேலை எதையும் கொடுக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்படி எழுதியவர் ஒரு விமர்சகர். புத்தகக்காரர்கள் மத்தியில் அவருக்குக் 'குறியீட்டார்' என்று பெயர். டீயில் ஈ விழுந்தால் நாமெல்லாம் கிளாஸை மாற்றித் தரச் சொல்லுவோம். அவர் கையோடு வைத்திருக்கும் பேனாவை எடுத்து, 'இனிப்பில் மூழ்கும் சிறகு' என்று குறித்துக்கொண்டு, ஈயை ஓரமாகத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் குடிப்பார்.

அவர் எழுதியது 'மஞ்சள் காவலி' என்ற மாயக்கதைத் தொடரைப் பற்றி. அதுவரை ஐந்து பாகம் வந்திருந்தது. பிள்ளைகள் படித்தார்கள், பிள்ளைகளுக்கு வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு பெரியவர்களும் படித்தார்கள். கதை நடக்கும் இடம் ஒரு விளிம்பு நாடு. செங்குத்தான பாறைகள், கயிற்றுப் பாலங்கள், மேகத்துக்குள் நுழைந்து போகும் படிக்கட்டுகள். கீழே எங்கோ இருக்கிற தரை, சிலரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அப்படிக் கூப்பிடப்பட்டவர்களின் இடது மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டிவிடுவார்கள். மற்றவர்கள் அதை அவமானமாக நினைக்கும்போது, ஒருத்தி மட்டும் அதைப் பதவியாக மாற்றிக்கொள்கிறாள். அவள்தான் மஞ்சள் காவலி. அரக்கப் பறவை கொத்திக்கொண்டு போகும், பாலம் பாதியில் அறுந்து தொங்கும், கோபுரம் சாயும். அவள் விழ மாட்டாள்.

குறியீட்டார் இதை விட்டுவைப்பாரா? மஞ்சள் என்பது சூரியன். மஞ்சள் என்பது உதிரும் இலை. ஆகவே காவலி ஒரே சமயத்தில் உதயமும் அஸ்தமனமும் ஆகிறாள் என்றார். சாலைச் சந்திப்பில் எரியும் மஞ்சள் விளக்கைக்கூட விடவில்லை: 'நிற்பதா, போவதா என்ற மனித குலத்தின் ஆதிக் கேள்வி.' காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். குறியீட்டாருக்குக் கண்ணில் கோளாறு இல்லை. அப்படிக் கண்டதற்கு அவருக்கு ஒரு பட்டயமும் பொன்னாடையும் கொடுத்தார்கள். பொன்னாடை மஞ்சள் நிறத்தில் இருந்ததை அவர் மேடையிலேயே சுட்டிக்காட்டினார்.

உண்மையில் அந்த மஞ்சள் ஒரு பிளாஸ்டிக் பட்டை.

குழந்தைகள் வார்டில் சேரும் எல்லாப் பிள்ளைக்கும் மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை ஒன்று மாட்டுவார்கள். அதில் பெயரும் எண்ணும் இருக்கும். நடக்கும்போது விழுந்துவிடக்கூடிய பிள்ளை என்றால், கூடவே ஒரு மஞ்சள் பட்டை. தூரத்திலிருந்து பார்த்தாலே யாராவது ஓடிவந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அந்த வார்டில் அப்போது மஞ்சள் பட்டை ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இருந்தது. எட்டு வயது. வீட்டில் கூப்பிடுகிற பெயர் வாண்டு. தலைக்குள் வளர்ந்த கட்டி ஒன்று, அவளுக்கு நேர் எது கோணல் எது என்பதைக் கலைத்துப் போட்டிருந்தது. நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் போவாள்.

வார்டு நர்ஸ், அம்மாவையும் அப்பாவையும் நிற்கவைத்துச் சொல்லிக் கொடுத்தார். "கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. அது பிள்ளைக்குப் பிடிக்காது, உதறிடும். இடது பக்கம், அரை அடி பின்னால நில்லுங்க. உள்ளங்கை முதுகுக்குப் பின்னால இருக்கணும். தொடக் கூடாது. சாஞ்சா மட்டும் தாங்கணும்." இருவரும் ஒருவரை ஒருவர் நடக்கவிட்டுப் பழகிக் காட்டினார்கள். வாண்டு கட்டிலில் உட்கார்ந்து கைதட்டினாள். "அப்பா ஃபெயிலு. தொட்டுட்டாரு."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட்டின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அந்தக் கட்டடத்தின் யோக்கியதை இவ்வளவுதான் என்று முடிவு செய்துவிடுவார். ஸ்கேன் எடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போகும் ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் வாண்டு ஒருநாள் கேட்டாள்.

"அப்பா, கயிறு அறுந்தா இது விழுமா?"

"விழாது."

"எப்படி விழாது? அறுந்திருச்சுல்ல?"

"வேகம் கூடுனா அடியில பல்லு ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் இருக்கிற தண்டவாளத்தைக் கவ்விக்கும். அப்படியே நின்னுரும்."

வாண்டு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். "எனக்கு பல்லு எங்க?"

அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கிரீஸ் கறை எந்தச் சோப்புக்கும் போகாத கை. "இதான்."

"கழுவிட்டு வா," என்றாள் வாண்டு.

ஆனாலும் பட்டையின் மேல் அவளுக்குக் கோபம் போகவில்லை. எல்லாருக்கும் வெள்ளை, எனக்கு மட்டும் ஏன் மஞ்சள்? போர்வைக்குள் கையை மறைத்துக்கொள்வாள். அம்மா ஒரு சாயங்காலம், சாத்துக்குடி உரித்துக்கொண்டே, யோசிக்காமல் ஆரம்பித்தாள்.

"மஞ்சள் எல்லாருக்கும் குடுத்துர மாட்டாங்க."

"புருடா விடாதம்மா."

"கேளுடி. தரைக்கு சில பேரை ரொம்பப் பிடிச்சுரும். வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். சாதாரண ஆளுங்க போயிருவாங்க. போகாம நிக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பட்டை."

"என்னையக் கூப்பிடுதா?"

"உனக்குத்தான் தெரியும்."

வாண்டு தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வார்டுத் தரை, பினாயில் நெடி. "கூப்பிடுது," என்றாள். "நான் போமாட்டேன்."

"அதான். அதனாலதான் நீ மஞ்சள் காவலி."

"பேரு சுமார்தான். பரவால்ல."

மறுநாளிலிருந்து கை போர்வைக்கு வெளியே வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண்பிள்ளை எனக்கும் மஞ்சள் வேண்டும் என்று அடம்பிடித்து அழுதாள். நர்ஸ், "சும்மாரு, அதெல்லாம் கேட்டு வாங்கறது இல்ல," என்று அதட்டியபோது வாண்டுவுக்குக் கர்வம் தாங்கவில்லை. தினமும் சாத்துக்குடியோடு ஒரு துண்டுக் கதை. பாலம், பறவை, கோபுரம். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அவள் கேட்பது ஒன்றுதான். "விழலையே?" அம்மா சொல்வாள், "விழலை." உடனே தூங்கிவிடுவாள்.

அவள் விழவேயில்லை. கடைசி வரை ஒருமுறைகூட விழவில்லை. இரண்டு பக்கமும் கம்பி உயர்த்திய கட்டிலில், நான்கு தலையணைக்கு நடுவில், ஒரு மத்தியான நேரத்தில், யாரும் தாங்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி போய்விட்டாள். அவ்வளவு காலம் பின்னாலேயே நின்ற இரண்டு கைகளுக்கும் கடைசியில் செய்ய ஒன்றும் இல்லை.

நர்ஸ் கத்தரிக்கோலால் முதலில் மஞ்சள் பட்டையை வெட்டினார். வெள்ளையை வெட்டவில்லை, அதில் பெயர் இருந்தது, இன்னும் தேவைப்பட்டது. மஞ்சளுக்கு இனி வேலை இல்லை. அது கட்டிலுக்கு அடியில் இருந்த குப்பை வாளிக்குள் போனதை அம்மாவும் பார்த்தாள், அப்பாவும் பார்த்தார். அதை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் கேட்பார் என்று மற்றவர் நினைத்தாரோ என்னவோ. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். 'படிக்காமலே பாஸ்' என்ற பரீட்சை நோட்ஸ் வரிசையால் பல தலைமுறைகளைக் கரையேற்றிய பதிப்பகம். பதிப்பாளர் நல்ல மனிதர். தான் நல்ல மனிதர் என்பதை நாளைக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டுவதைத் தவிர வேறு குறை கிடையாது. முதல் நாள், "பிள்ளைங்க?" என்று கேட்டார். அவள் "இல்ல" என்றாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. வேலை இல்லாத ஓய்வு நேரங்களில், நோட்ஸ் தாளின் பின்பக்கத்தில், அவள் வார்டில் சொன்ன துண்டுக் கதைகளை எழுதி ஒட்டவைத்தாள். லீவு மாதத்தில் நோட்ஸ் விற்காது. எதையாவது அச்சடித்தாக வேண்டுமே என்று பதிப்பாளர் அதை வாங்கிப் போட்டார். அது ஓடியது. நோட்ஸைவிட வேகமாக ஓடியதில் பதிப்பாளருக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட.

மெக்கானிக்குக்குக் கதைப் புத்தகம் படிக்கிற பழக்கம் இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் அவள் எழுதி முடிக்கும் அன்று, வேலை முடிந்து வந்து, சமையலறைத் தொட்டியில் கைகழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்பார்.

"விழலையே?"

"விழலை."

"சரி."

அவருடைய இலக்கிய விமர்சனம் அவ்வளவுதான். குறியீட்டாருக்கு நாற்பத்தெட்டுப் பக்கம் தேவைப்பட்டது.

இன்னொரு பழக்கமும் அவரிடம் தங்கிவிட்டது. மனைவியோடு எங்கே நடந்தாலும் இடது பக்கம், அரை அடி பின்னால்தான் வருவார். வலது கை இலேசாக முன்னால் நீண்டிருக்கும், தொடாமல். அவளும் ஏன் என்று கேட்டதில்லை. பரிசளிப்பு விழா ஒன்றில் குறியீட்டார் அதைப் பார்த்துவிட்டு, "பின்தொடரும் ஆண், முன்செல்லும் பெண்! வீட்டிலேயே புரட்சி!" என்று வியந்தார். மெக்கானிக் என்னவென்று புரியாமல் சிரித்துவைத்தார்.

ஆறாவதும் கடைசியுமான பாகத்துக்கு அவள் உட்கார்ந்தபோதுதான் பதிப்பாளர் போன் செய்து வரச் சொன்னார். சினிமாக் கம்பெனி ஒன்று கதையை வாங்க வந்திருக்கிறது, எல்லாம் பிடித்துவிட்டது, மஞ்சள் மட்டும் பிடிக்கவில்லை. 'பொன் காவலி' என்று மாற்றினால் கையெழுத்து. கடைசிப் பாகத்தில் பட்டை பொன்னாக மாற வேண்டும். பழைய பாகங்களையும் புதுப் பெயரில் மறுபடி அச்சடிக்க வேண்டும். தலைப்பு உரிமை ஒப்பந்தப்படி பதிப்பாளரிடம்தான். இருந்தாலும் போனில் சொன்னார், "நான் என்ன ராட்சசனாம்மா? மஞ்சள்தான் வேணும்கிறதுக்கு உருப்படியா ஒரு காரணம் சொல்லுங்க. அவங்ககிட்ட நானே பேசி விட்டுர்றேன்."

ஒரே ஒரு காரணம் போதும். அது அவளிடம் இருந்தது.

அன்று கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் சோப்புத்தூளைக் கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிரு," என்றார்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பின்னட்டையில போடுவாரு. 'ஒரு தாயின் கண்ணீரில் பிறந்த காவியம்'னு."

"போட வேணாம்னு சொல்லு."

"கேப்பாரா? நல்ல மனுஷனாச்சே. நல்லது பண்றேன்னு போடுவாரு. அப்புறம் இன்னொருத்தர் இருக்காரு. வாண்டு சாத்துக்குடி தின்னதுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பாரு. உங்க கையப் பத்தி ஒரு அத்தியாயம் எழுதுவாரு."

"கையப் பத்தி என்ன எழுத இருக்கு?"

"அதத்தான் எழுதுவாரு."

அவர் குழாயை மூடினார். நுரை கையிலேயே இருந்தது. "சொல்லலைன்னா?"

"மஞ்சள் போயிரும்."

"வேற எங்க இருக்கு மஞ்சள்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. வாளியைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அவள் துண்டை எடுத்து நீட்டினாள். "எங்கயும் இல்லைங்க. தலைப்புல மட்டும்தான் இருக்கு."

பதிப்பகம் மூன்றாவது மாடியில். மெக்கானிக்கும் கூடவே வந்தார். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் பழைய லிஃப்ட். ஏறும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டார். "எண்ணெயே காட்டல," என்று முணுமுணுத்தார். "பல்லு நல்லாருக்கா?" என்று கேட்டாள் அவள். அவர் தலையசைத்தார்.

பதிப்பாளர் அறையில் குறியீட்டார் ஏற்கெனவே இருந்தார். புதுச் சாயம் பூசிய தலைமுடி. அது என்ன நிறம், எதற்குக் குறியீடு என்பதைப் பற்றி மட்டும் அவர் எங்கேயும் எழுதியதில்லை. மேசைமேல் மாதிரி அட்டை ஒன்று கிடந்தது. பளபளவென்று பொன்னெழுத்து. காவலி நகைக்கடை விளம்பரத்தில் வருகிறவளைப் போல இருந்தாள்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. சாரும் வந்திருக்காரு, ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் பதிப்பாளர். "ஒளிவுமறைவு இல்லாமச் சொல்றேன். பொன் வைக்கிற இடத்துல பூ வைக்கலாம்பாங்க. நீங்க மஞ்சளை வெச்சுட்டீங்க. மஞ்சள்னா ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வருது? காமாலை. மஞ்சள் பத்திரிகை. திவால் நோட்டீஸ். பொன்னுன்னு சொல்லிப் பாருங்க! வாயே மின்னுதா இல்லையா?"

"அஞ்சு பாகம் மஞ்சள்னுதானே வித்தீங்க?" என்றாள்.

"மஞ்சளாருந்தும் வித்துது. அதான் என் கணக்கு."

"அய்யாதான் மஞ்சளைப் பத்திப் புஸ்தகமே போட்டாரு," என்று அவள் குறியீட்டாரைப் பார்த்தாள். கொஞ்சம் நம்பிக்கையோடுதான் பார்த்தாள். நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதிய மனிதர் இரண்டு வார்த்தையாவது பேச மாட்டாரா?

குறியீட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் அப்பவே உணர்ந்தேன்மா. மஞ்சள் ஒரு இடைநிலை. புடம் போடப் போட மஞ்சள் பொன்னாகுது. பொன் என்பது மஞ்சளின் விடுதலை. முன்னுரை எழுதிட்டேன்." பையிலிருந்து தாள்கட்டை எடுத்துவைத்தார். இந்த முறை அறுபது பக்கம்.

"அப்ப நீங்க மொதல்ல எழுதுனது?"

"அதுவும் சரிதான். இதுவும் சரிதான்."

மெக்கானிக் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "எங்க தொழில்ல மேல போற பட்டனும் கீழ போற பட்டனும் ஒண்ணாயிருச்சுன்னா ரிப்பேர்னு சொல்லுவோம் சார்."

பதிப்பாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். குறியீட்டாரும் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். அந்தப் பெருந்தன்மை அவருக்கு உண்டு. சிரிப்பு அடங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் வேறு மாதிரி இருந்தது. வயதானது, தூக்கம் குறைந்தது. குரல் தணிந்துவிட்டது.

"அம்மா, நாம நாலு பேர்தான் இருக்கோம். மனசுல பட்டதைச் சொல்றேன். இவ்வளவு எழுதியிருக்கேனே, எனக்கு உண்மையில தெரியாது. அந்தப் பொண்ணு விழாம நிக்கிற இடத்துல எல்லாம் நான் புஸ்தகத்தை மூடி வெச்சுர்றேன். ஏன்னு தெரியலை. அதான் பக்கம் பக்கமா எழுதினேன். நீங்க சொல்லுங்க. ஏன் மஞ்சள்?"

இப்படி ஒருவர் கேட்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. அந்தக் கேள்வியில் மேடை இல்லை. பட்டயம் இல்லை. அவளுடைய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்க..."

டக்கென்று ஒரு சத்தம். குறியீட்டார் பேனா மூடியைக் கழற்றியிருந்தார். அவருக்கே தெரியாமல்தான் கழற்றியிருப்பார். நமக்குக் கொட்டாவி வருவது மாதிரி அவருக்குப் பேனா. அதே நேரம் பதிப்பாளர் செல்போனை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். "ஒரு நிமிஷம்மா, அந்த 'எங்க'ல இருந்து மறுபடி ஆரம்பிங்க. வீடியோ எடுத்துக்கறேன். படம் வரும்போது உபயோகப்படும். கொஞ்சம் உணர்ச்சியாவே சொல்லுங்க, தப்பில்ல."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மடியில் வைத்திருந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகக் கழுவிவிட்டு வந்த கை. மெல்ல அதை மூடிக்கொண்டார்.

"எங்க வீட்டு ஜன்னல் திரை மஞ்சள்," என்றாள் அவள். "எழுத உக்காந்தப்ப கண்ணுக்கு நேரா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"திரையா!" பதிப்பாளர் போனைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கா இவ்வளவு நேரம் என்னைப் பயமுறுத்துனீங்க? ஏதோ உசுருப் பிரச்னைன்னு நினைச்சேன். அப்புறம் என்ன, மாத்தறதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே?"

"இல்ல."

குறியீட்டார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிருந்தது. பசிக்குச் சோறு கேட்டவரிடம் வெறும் தட்டை நீட்டின மாதிரி. ஆனால் தொழில் விடுமா? "திரை..." என்று முணுமுணுத்துக்கொண்டு தாளின் ஓரத்தில் குறித்தார். "மறைப்பு... மறைக்கிறதால தெரியறது..." அவர் எழுதி முடிக்கும்வரை அவள் அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதிப்பாளர் காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

இறங்கும்போது லிஃப்ட்டில் அவர்கள் இருவர்தான். இரண்டாவது மாடி தாண்டும்போது இலேசாகக் குலுங்கியது. அவள் சொன்னாள், "குடுத்துட்டேன்."

"பேரைத்தானே குடுத்த."

"அது ஒண்ணுதாங்க இருந்துச்சு."

அவர் கீழே வந்து இரும்புக் கதவை இழுத்துத் திறந்தபோது, "அவளைக் குடுக்கலையே," என்றார். கதவின் கிறீச்சில் பாதி அமுங்கிவிட்டது. அவளுக்குக் கேட்டது.

கடைசிப் பாகம் எழுத அவளுக்கு மாதக்கணக்கானது. பொன் காவலி வாயில் நுழைந்தாலும் கையில் எழுத்தாக வர மறுத்தாள். மஞ்சள் பட்டையோடு இருந்தவள் எந்த வாக்கியத்தில் கால் வைத்தாலும் பின்னால் ஒரு கை வருவது தெரியும். அது தெரிந்ததால்தான் எவ்வளவு உயரமான பாலத்திலும் அவளை ஏற்ற முடிந்தது. பொன்னாக்கியவளின் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தகதகவென்று கவசம். மின்னும் மணிக்கட்டு. ஊரே கும்பிடுகிறது. அவ்வளவு மினுக்கும் ஒருத்தியை யார் ஓடிவந்து பிடிப்பார்கள்? அவளுக்குப் பிடிமானம் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு சாயங்காலம் எழுதி முடித்தாள். தாள்களை அடுக்கினாள். சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"விழலையே?" என்றார் மெக்கானிக், திரும்பாமல்.

குழாய் நின்றது.

"விழுந்துட்டா," என்றாள்.

அவர் திரும்பினார். முழங்கை வரை நுரை. அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. வார்டில் அந்த மத்தியானம்கூட அவர் முகம் இப்படி ஆகவில்லை. அன்று அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இன்று ஏதோ தவறவிட்டவர் போல நின்றார்.

"பாலத்துல இருந்து," என்று அவள் வேகமாகச் சொன்னாள். "பொன்னு கனம். அவளைப் புடிக்க யாருமே வரலை. தரை கூப்பிட்டுச்சு, போயிட்டா. அது பொன் காவலிங்க. அவங்க கேட்டு வாங்கினவ. நம்மவ இல்ல."

"நம்மவ?"

"நம்மவ விழலை."

"நிச்சயமா?"

"நீங்கதான் பின்னாலயே நின்னீங்களே."

வழக்கமாகச் சொல்லும் 'சரி' வரவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கையோடு, அவர் வெகுநேரம் அழுதார். வாண்டு போனதிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. துண்டை நீட்டினாள்; வாங்கிக்கொள்ளவில்லை; அவள் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். கதாநாயகி விழுந்ததில் சினிமாக் கம்பெனி மிரண்டது. அப்புறம், அழவைக்கலாம் என்று தெரிந்ததும் குதூகலித்தது. குறியீட்டார் அறுபது பக்கத்தோடு இன்னொரு இருபதைச் சேர்த்து, 'பொன்னின் வீழ்ச்சி'யை மனித நாகரிகத்தின் வீழ்ச்சியோடு முடிச்சுப் போட்டார். பொன் கனமான உலோகம் என்று அடிக்குறிப்பு வேறு. ஆனால் வெளியீட்டு விழாவில், கையெழுத்து வாங்கும் கூட்டம் கலைந்த பிறகு, அவளிடம் தனியாக வந்தார். "எனக்கென்னமோ அந்தப் பழையவ நினைப்பாவே இருக்கும்மா," என்றார். கையில் பேனா இல்லை. அவள், "எனக்கும்தான் அய்யா," என்றாள்.

மண்டப வாசலில் படிக்கட்டு. உயரமான படிகள். மெக்கானிக் வழக்கம்போல இடது பக்கம், அரை அடி பின்னால். கை முதுகுக்குப் பின்னால் நீண்டிருந்தது, தொடாமல். தொடக் கூடாது என்பதுதான் நர்ஸ் சொன்ன விதி. ஒருமுறை அதில் தோற்றவர் மறுபடி தோற்றதே இல்லை. பாதிப் படியில் அவள் நின்றாள். மெல்லப் பின்னால் சாய்ந்தாள்.

கை தாங்கிக்கொண்டது.

"அப்பா ஃபெயிலு," என்றாள் அவள்.

அவர் கையை எடுக்கவில்லை. கீழே தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. இன்னும் பாதிப் படிகள் பாக்கி இருந்தன. இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.